உப்புக் குளத்தில் ஜியோலைட்: மூட்டையைப் பிரிக்கும் முன்

வெனாமி இறால் வளர்ப்பவர்களுக்கு அமோனியா என்றாலே அடிவயிறு கலங்கும். தின்னாமல் விட்ட தீவனமும் இறாலின் கழிவும் குளத்தடியில் மட்க மட்க அமோனியா ஏறும். வெயிலும் பி.எச். அளவும் கூடும் பிற்பகலில் அதன் நச்சுத்தன்மை மிகும். அப்போது கடைக்காரர் எடுத்துப் போடுவது பெரும்பாலும் ஜியோலைட் மூட்டைதான். ஏக்கருக்கு ஒரு மூட்டை தூவினால் அமோனியா இறங்கிவிடும் என்பார். இறங்குமா?

ஜியோலைட் நல்ல கனிமம்தான். அலுமினியம், சிலிக்கான், ஆக்சிஜன் சேர்ந்த அதன் கட்டமைப்பெங்கும் நுண்துளைகள். அவற்றுக்குள் சோடியம், பொட்டாசியம், கால்சியம் அயனிகள் தளர்வாக ஒட்டியிருக்கும். தண்ணீரிலுள்ள வேறு அயனி வந்தால் இவை இடம்விட்டு வெளியேறும். கிளினோப்டிலோலைட் என்ற வகை, அமோனியாவின் அயனி வடிவமான அமோனியத்தை விரும்பிப் பிடிக்கும். அதனால் நன்னீரிலும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பிலும் அது உதவுகிறது. செயற்கை ஜியோலைட்டுகள் ஆக்சிஜன் செறிவூட்டிகளில் காற்றின் நைட்ரஜனைப் பிடித்துவைக்கின்றன. சலவைத்தூளில் தண்ணீரின் கடினத்தன்மையைக் குறைக்கின்றன.

சிக்கல் உப்பில் இருக்கிறது. அமோனியம் நிரம்பிய ஜியோலைட்டைத் திரும்பப் பயன்படுத்த, சுத்திகரிப்பு நிலையங்களில் அதை உப்புக் கரைசலில்தான் கழுவுகிறார்கள். சோடியம் உள்ளே புகுந்து அமோனியத்தை வெளியே தள்ளிவிடும். இறால் குளமோ எப்போதும் உப்புக் கரைசல். உவர்ப்பு 15 பி.பி.டி. (ஆயிரத்தில் 15 பங்கு) என்றால் லிட்டருக்குச் சோடியம் மட்டும் 4,500 மில்லிகிராமுக்கு மேல். அமோனியாவோ ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இந்த நெரிசலில் அமோனியத்துக்கு இடம் கிடைப்பது அரிது.

உப்பே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு உதைக்கிறது. 1.2 மீட்டர் ஆழமுள்ள ஒரு ஏக்கர் குளத்தில் சுமார் 48 லட்சம் லிட்டர் தண்ணீர் நிற்கும். லிட்டருக்கு 1 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன் என்றால் மொத்தம் ஏறக்குறைய 5 கிலோ. தரமான கிளினோப்டிலோலைட் ஒரு கிலோ, முழுவதும் நிரம்பினாலும் பிடிப்பது சுமார் 30 கிராம். 25 கிலோ மூட்டைக்கு 750 கிராம். மீதியை யார் பிடிப்பது?

தூசியும் ஆபத்துதான்

ஜியோலைட் குடும்பத்தில் எரியோனைட் என்றொரு நார் வகை உண்டு. துருக்கியின் கப்படோசியாவில் கராயின், துஸ்கோய் போன்ற ஊர்களில் எரியோனைட் கலந்த கல்லால் வீடு கட்டி வாழ்ந்தவர்களிடையே மீசோதீலியோமா என்ற நுரையீரல் உறைப் புற்றுநோய் மிகுதியாகக் காணப்பட்டது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை எரியோனைட்டை முதல் பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்குவது உறுதி என்று வைத்திருக்கிறது. கிளினோப்டிலோலைட் அந்தப் பிரிவில் இல்லை. ஆனால் மூட்டைக்குள் இருப்பது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குவார்ட்ஸ் தூளும் கலந்திருக்கலாம். அதைத் தொடர்ந்து சுவாசித்தால் நுரையீரல் கெடும். ஆகவே தூவும் தொழிலாளிக்குத் தூசி தடுக்கும் முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது பண்ணைக்காரர் பொறுப்பு. முகத்தில் துண்டைக் கட்டினால் போதாது. தண்ணீரில் கலந்து ஊற்றினால் தூசி குறையும்.

உங்கள் கையில் இருப்பவை

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். தீவனத்தைக் குறைப்பது, ஏரேட்டரைக் கூடுதல் நேரம் ஓட்டுவது, அடிச்சேற்றை அகற்றுவது, தண்ணீரின் ஒரு பகுதியை மாற்றுவது ஆகியவையே அமோனியாவுக்கு முதல் மருந்து.

அதன்பிறகும் வாங்குவதானால் ரசீது கேளுங்கள். அதில் பொருளின் பெயர், தொகுதி எண், எடை இருக்கட்டும். எந்த வகை ஜியோலைட், எவ்வளவு உவர்ப்பில் எவ்வளவு அமோனியாவைப் பிடிக்கும் என்று எழுத்தில் கேளுங்கள். விளம்பரத் துண்டறிக்கையைப் பத்திரப்படுத்துங்கள். பிரிக்காத மூட்டை ஒன்றை எடுத்து வையுங்கள்.

சொன்னது நடக்காவிட்டால் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. வணிக நோக்கில் வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று அது சொன்னாலும், சுயதொழிலாகப் பிழைப்புக்கு வாங்குபவருக்கு விலக்கு அளிக்கிறது. சொந்தமாகக் குளம் பார்க்கும் சிறு விவசாயி இந்த விலக்கைக் கோரலாம். தான் வசிக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம், வழக்கறிஞர் கட்டாயமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரம் ஆணையத்துக்கு உண்டு. ஆலோசனைக்கு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம்.

பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் புகார் செய்ய வேண்டும். ரசீது இல்லாமல் போனால் வழக்கு பலவீனமாகிவிடும். அடுத்த மூட்டை வாங்கும்போதே கேட்டு வாங்குங்கள்.