பெயர் எழுதிக் கொடுத்தவர்கள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில், பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில் கொஞ்ச நேரம் போனால் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் வரும். ஜெராய் மலையின் அடிவாரம். பழைய கோயில்களின் கல் அடித்தளங்கள், பக்கத்தில் ஓடை. பள்ளி விடுமுறையில் தமிழ்ப் பிள்ளைகளைப் பஸ்ஸில் கூட்டி வருவார்கள். கூட வந்த பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இதுதான் கடாரம். நம்ம ராஜேந்திர சோழன் ஜெயிச்ச மண்ணு" என்பார். பிள்ளைகள் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன்.

அந்தக் கைதட்டலில் ஏதோ இடிக்கிறது என்று தோன்றவே எனக்கு நாற்பது வயது ஆகிவிட்டது.

1025 வாக்கில் நடந்தது என்ன? சோழர் கப்பல்கள் கடாரத்து அரசன் சங்கிராம விஜயோத்துங்கவர்மனைப் பிடித்தன. அவனுடைய யானைகளையும் சேர்த்துவைத்த செல்வத்தையும் வாரிக்கொண்டன. வித்யாதர தோரணம் என்ற வாயிலைக்கூட விட்டுவைக்கவில்லை. இதைச் சொல்வது எதிரி அல்ல, ராஜேந்திரனின் சொந்த மெய்க்கீர்த்தி. அவன் தகப்பன் ராஜராஜன் காலத்தில் இதே கடாரத்து அரச குடும்பம் நாகப்பட்டினத்தில் பௌத்த விகாரம் எழுப்பியது. ராஜராஜன் அதற்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே எழுதிவைத்தான். அப்பன் பழகிய வீட்டில் மகன் புகுந்து சுருட்டினான் என்று சொல்லிக்கொடுத்தால் பிள்ளைகள் கைதட்டுமா? 2019இல் விக்ரம் படம் ஒன்று 'கடாரம் கொண்டான்' என்ற பெயரில் வந்தது. அந்தக் கடாரமான கெடாவிலேயே குடியிருக்கும் நாங்கள் அதையும் விசிலடித்துத்தான் பார்த்தோம்.

ஆயிரம் வருஷத்துக் கதையை விடுங்கள் என்பீர்கள். சரி, எண்பது வருஷத்துக் கதைக்கு வருகிறேன்.

1941 டிசம்பரில் கெடாவின் ஜித்ராவில் ஜப்பானியரிடம் பிரிட்டிஷ் படை இரண்டே நாளில் நிலைகுலைந்தது. பினாங்கிலிருந்து வெள்ளைக்காரக் குடும்பங்களை இரவோடு இரவாகக் கப்பலேற்றிவிட்டு மற்றவர்களை அப்படியே விட்டுப் போனார்கள். தோட்டத்துத் துரைகளும் கிளம்பிவிட்டார்கள். ரப்பருக்குச் சந்தை இல்லை, அரிசி இல்லை; மரவள்ளிக்கிழங்கைத் தின்று லயத்தில் உட்கார்ந்திருந்த சனத்திடம்தான் பிறகு ஜப்பான்காரன் ஆள் கேட்டு வந்தான். சயாமில் ரயில் பாதை போடுகிறோம், நாளுக்கு ஒரு வெள்ளி கூலி, மூன்று மாதத்தில் திரும்பிவிடலாம். முதலில் நம்பிப் போனார்கள். போனவர்கள் திரும்பாததைப் பார்த்துப் பதுங்கத் தொடங்கியதும் லாரி வந்து அள்ளிக்கொண்டு போனது.

சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1943 மழைக்காலத்தில் காலரா வந்தது. வெள்ளைக்காரக் கைதிகளின் நிலையும் கொடுமைதான். ஆனால் அவர்களோடு அவர்களுடைய டாக்டர் இருந்தார், கணக்கு எழுத அதிகாரி இருந்தார். நம் ஆட்களுக்கு இரண்டும் கிடையாது. மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் போனார்கள். அதில் பெரும்பகுதி தமிழர். பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர் எண்பதாயிரத்திலிருந்து ஒரு லட்சம் வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. இருபதாயிரம் பேர் கூடலாம், குறையலாம் என்று சொல்லும்படியான சாவு அது. தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கைதிகளின் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர் வெட்டியிருக்கிறது. நம்மவர்களைக் குழியில் போட்டு மூடினார்கள், அல்லது எரித்தார்கள். 1957இல் வந்த 'குவாய் நதிப் பாலம்' படமும் வெள்ளைக்காரக் கைதிகளின் கதைதான். அதைப் படம்பிடித்தது இலங்கையில், கித்துல்கலையில். நம் ஆட்களின் கதையை எழுத ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் வரவேண்டியிருந்தது.

1943 அக்டோபர் 17இல் இரண்டு பக்கத்துத் தண்டவாளமும் ஒன்று சேர்ந்தன. மறுநாளே ஜப்பான் கெடாவைத் தூக்கித் தாய்லாந்து கையில் கொடுத்தது. செத்தவனின் ஊரே வேறு நாடாகிவிட்டது.

போர் முடிந்தபின் நடந்ததுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. பாதையின் சயாம் பகுதியைப் பிரிட்டிஷார் 1946இல் தாய்லாந்துக்கு விற்றார்கள், 12,50,000 பவுனுக்கு. அந்தப் பணம் பாதை போடுவதற்காக ஜப்பானியர் அண்டை நாடுகளிலிருந்து பிடுங்கிப்போன பொருள்களுக்கு ஈடாகப் போனது. மலாயாவின் கிழக்குக்கரைத் தண்டவாளமும் அப்படிப் பிடுங்கிய சாமான்தான். இரும்புக்குக் கணக்குப் பார்த்து வாங்கிக்கொண்டார்கள். 1967இல் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி மதிப்பில் ஈடு கொடுக்க ஒப்புக்கொண்டு இரண்டு சரக்குக் கப்பல்களைக் கொடுத்தது. லயத்து வாசலுக்குக் கப்பல் வராது.

1994இல் ஜப்பானியப் பிரதமர் முராயாமா கோலாலம்பூர் வந்தபோது அன்றைய மலேசியப் பிரதமர் மகாதீர் அவரிடம், ஐம்பது வருஷத்துக்கு முந்திய போருக்காக ஜப்பான் ஏன் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று புரியவில்லை என்றார். மகாதீர் எங்கள் மாநிலத்துக்காரர். ஜப்பானியர் காலத்தில் அலோர் ஸ்டார் பெக்கான் ராபு சந்தையில் காப்பியும் வாழைப்பழப் பலகாரமும் விற்றவர். அந்தக் காலத்தைக் கேள்விப்பட்டவர் அல்ல, பார்த்தவர். இருந்தாலும் அந்த மன்னிப்பு அவர் பையில் இருந்த காசா, எடுத்துக் கொடுக்க? முராயாமா ஊருக்குத் திரும்பி, அடுத்த ஆகஸ்டில் தன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டே தீர்த்தார். அவருக்கு அது தேவைப்பட்டது.

போரோடு சம்பந்தமில்லாத பேரப்பிள்ளைகளைக் காலத்துக்கும் மன்னிப்புக் கேட்கவைக்கக் கூடாது என்று 2015இல் அன்றைய ஜப்பானியப் பிரதமர் அபே சொன்னார். இதை நான் முழுசாகத் தள்ளமாட்டேன். கூலிம் ஹைடெக் பூங்காவில் ஜப்பானிய நிறுவனங்கள் உண்டு. தோட்டத்து ஆட்களின் பேரப்பிள்ளைகள் அங்கே ஷிப்ட் வேலை பார்க்கிறார்கள். அங்கே மேலாளராக வரும் முப்பது வயது ஜப்பானியனைப் பிடித்து, உன் தாத்தன் செய்ததற்குத் தலைகுனி என்றால் அது நியாயமா? அவன் செய்யவில்லை. பழி அவன்மேல் இல்லை. ஆனால் "எங்கள் நாடு, எங்கள் உழைப்பு, சாம்பலிலிருந்து எழுந்தோம்" என்று அவன் மார்தட்டினால், அப்போது கேட்கலாம். அந்த 'எங்கள்' என்ற பைக்குள் சயாமும் கிடக்கிறதே தம்பி, அதை மட்டும் ஏன் கீழே வைத்துவிட்டு வருகிறாய்?

நகாசே தகாஷி என்று ஒருவர். காஞ்சனபுரியில் ராணுவப் போலீசுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். கைதிகளை விசாரித்து வதைத்த அறையில் உட்கார்ந்திருந்தவர். போருக்குப்பின் நூறு தடவைக்குமேல் அங்கே திரும்பிப்போனார். ஆற்றங்கரையில் கோயில் கட்டினார். அன்று தன் கண்முன் வதைபட்ட பிரிட்டிஷ் கைதி எரிக் லோமாக்ஸை 1993இல் சந்தித்துத் தலைவணங்கினார். யாரும் வற்புறுத்தவில்லை, சொந்த நாட்டில் திட்டும் வாங்கினார். நான் அந்தக் கதையைப் படித்தபோது முதலில் அழுதேன், பிறகு வேறொன்று உறைத்தது. நம் பக்கத்தில் அப்படித் திரும்பிப்போனவர் யார்?

நம் பக்கத்தில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் தோட்டத்தில் வளர்ந்தவர்களாக இருக்கமாட்டார்கள். ஜப்பான்காரனுக்குத் தமிழ் தெரியாது. எந்த லயத்தில் எந்த வீட்டில் திடகாத்திரமான ஆள் இருக்கிறான் என்று அவனுக்கு எப்படித் தெரியும்? பெயர்ப் பதிவேடு தோட்டத்துக் கணக்கரான கிராணியிடம் இருந்தது. ஆளை அடையாளம் காட்டக் கங்காணி இருந்தார். இத்தனை தலை வேண்டும் என்று உத்தரவு வந்தபோது யார் பெயர் முதலில் ஏறும், யார் பெயர் விடுபடும்? எதிர்த்துப் பேசியவன் பெயர் ஏறியது. சொந்தக்காரன் பெயர் விடுபட்டது. அவர்களுக்கும் பயம், உண்மைதான். எழுதாவிட்டால் அவர்கள் பெயரே ஏறியிருக்கும். ஆனாலும் அந்தப் பட்டியல் தமிழ்க் கையெழுத்தில் போனது.

1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கினார். அதன்பின் மலாயாத் தமிழர்கள் அவருடைய படைக்காக நகையைக் கழற்றிக் கொடுத்தார்கள். நேதாஜி படம் எங்கள் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. சயாமில் காலராவில் ஆள் விழுந்ததும் அதே மாதங்களில்தான். தோள்கொடுக்கும் என்று அவர் நம்பிய ஜப்பான்தான் அங்கே பிரம்பெடுத்து நின்றது. இந்த இரண்டையும் ஒரே மேடையில் வைத்துப் பேசிய கூட்டம் எதிலும் நான் உட்கார்ந்ததில்லை. நினைவுநாளில் ஜப்பானைச் சாடுவோம், டிபன் சாப்பிட்டுக் கலைவோம்.

என் பாட்டியின் அண்ணன் சயாமுக்குப் போய்த் திரும்பாதவர். பாட்டிக்கு எல்லாம் நினைவிருந்தது: எந்தக் கிழமை லாரி வந்தது, அண்ணன் எந்தச் சட்டை போட்டிருந்தார், ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் யார் யார் நின்றார்கள். பள்ளிக்கூடத்துக் கட்டுரைக்காக நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்து ஒருநாள் கேட்டேன், "பேரை யாரு பாட்டி எழுதிக் குடுத்தது?"

பாட்டி வெற்றிலையை மடித்துக்கொண்டே சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"மெல்லப் பேசுடா. அந்த வீட்டுலதான் உன் அத்தையைக் கட்டிக் குடுத்திருக்கோம்."