சலங்கைக்கு யார் பணம் கொடுப்பது?

அவலூர்பேட்டை. விழுப்புரம் மாவட்டம், மேல்மலையனூர் தாலுகாவில் உள்ள ஊர். செஞ்சிக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களில் பலர் இந்த ஊர் வரை வருவதில்லை. சுற்றிலும் நெல்லும் மணிலாவும் விளையும் பூமி. வாரச் சந்தை கூடும் ஊர். சித்தகிரி முருகன் குன்றின் மேல் நின்று ஊரைக் காக்கிறார்.

இந்த ஊரில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். தகப்பனார் கொத்தனார். தாயார் வீட்டிலேயே தையல் மிஷின் வைத்திருக்கிறார். மகளுக்கு 9 வயது.

பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிறுமி ஆடினாள். டீச்சர் தாயாரைத் தனியே அழைத்தார்.

"உங்க பொண்ணுக்குத் தாளம் தப்பவே இல்லைம்மா. முறையாகச் சொல்லிக் கொடுத்தால் நல்லா வருவாள்" என்றார்.

அன்று இரவு சாப்பாடு முடிந்தது. தாயார் மெல்லப் பேச்சை எடுத்தார்.

"என்னங்க, பாப்பாவை டான்ஸ் கிளாசில் சேர்க்கலாமா?"

"எவ்வளவு ஆகும்?"

தாயாருக்குப் பதில் தெரியவில்லை. எத்தனையோ வீடுகளில் பேச்சு இந்த இடத்தில்தான் நின்று போகிறது.

எவ்வளவுதான் ஆகும்? கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு வீட்டுக் கணக்கு

வீட்டு வருமானம் மாதம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். தனியார் நாட்டிய வகுப்புக்கு மாதம் 1,000 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம்.

வகுப்பு திருவண்ணாமலையிலோ செஞ்சியிலோ இருக்கும். வாரம் 2 நாள் போக வேண்டும். சின்னப் பெண்ணைத் தனியே அனுப்ப முடியாது. தாயும் கூடப் போக வேண்டும். போக வர ஒரு நாளைக்கு 100 ரூபாய் என்றால், மாதத்துக்கு 800 ரூபாய்.

ஆக மாதம் 1,800 ரூபாய். வருஷத்துக்கு 21,600 ரூபாய். ஏறத்தாழ ஒன்றரை மாத வருமானம்!

நாட்டியம் ஒரு வருஷத்தில் வருகிற வித்தை அல்ல. அரைமண்டியில் உட்காரக் கால் பழக வேண்டும். அடவுகள் உடம்பில் ஏற வேண்டும். பிறகுதான் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம் என்று உருப்படிகள். 7 வருஷம் ஆகிறது என்றால் 1,51,200 ரூபாய்.

இதில் தாயாரின் தையல் கூலி சேரவில்லை. மகளோடு பஸ்சில் போகும் நாளில் மிஷின் ஓடாது அல்லவா?

இதற்கு மேல் ஒரு செலவு வருகிறது. அதுதான் அரங்கேற்றம்! மண்டபம், பாட்டு, நட்டுவாங்கம், மிருதங்கம், வயலின், பட்டு உடுப்பு, நகை, பத்திரிகை, விருந்து, குருவுக்குத் தட்சிணை. ஒரு கல்யாணச் செலவுக்குச் சமமாக அது ஏறிவிடுவது உண்டு.

தகப்பனார் தலையில் கை வைப்பதில் வியப்பு இல்லை.

சலவைக்காரியின் மகள்

இந்தக் கவலை அவலூர்பேட்டைக்கு மட்டும் உரியது அல்ல. பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ரஷிய நாட்டில் ஓர் ஏழை வீட்டிலும் இந்தக் கவலை இருந்தது.

அந்த வீட்டுத் தாயார் துணி வெளுத்துப் பிழைத்தவர். அவருடைய மகள் 1881-ம் ஆண்டு பிறந்தாள். ஒரு நாள் தாயார் அவளை பாலே நாட்டியம் பார்க்க அழைத்துப் போனார். கால் விரல் நுனியில் நின்று சுழன்று ஆடும் ஐரோப்பிய நாட்டியம்தான் பாலே. அதைப் பார்த்த பெண் "நானும் இப்படி ஆட வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தாள்.

பாலே செலவு மிகுந்த கலை. பெண்கள் விரல் நுனியில் நிற்பதற்கென்றே விறைப்பான நுனி உள்ள தனிச் செருப்பு உண்டு. தொழில் முறையில் ஆடுகிறவர்களுக்கு ஒரு ஜோடி ஒரே ஓர் ஆட்டத்தில் தேய்ந்துவிடுவது உண்டு. சலவைக்காரி இதற்கு எங்கே போவார்?

ஆனால் அந்த நாட்டில் 1738-ம் ஆண்டிலேயே அரசாங்க நாட்டியப் பள்ளி ஏற்பட்டிருந்தது. அதில் முதலில் சேர்க்கப்பட்டவர்கள் அரண்மனை வேலைக்காரர்களின் பிள்ளைகள்! பயிற்சியும் சாப்பாடும் உடுப்பும் அரசாங்கச் செலவு.

சலவைக்காரியின் மகளை முதல் முறை அந்தப் பள்ளியில் சேர்த்துக்கொள்ளவில்லை. மறுபடி முயன்றாள். 1891-ம் ஆண்டு இடம் கிடைத்தது.

அந்தப் பெண்தான் அன்னா பாவ்லோவா! உலகம் முழுவதும் சுற்றி ஆடியவர். இந்தியாவுக்கும் வந்தவர்.

1920-களின் இறுதியில் ஒரு தமிழ்நாட்டுப் பெண்மணி பாவ்லோவாவைச் சந்தித்தார். அவருடைய குழுவைச் சேர்ந்த ஒருவரிடம் பாலேயும் பயின்றார். "உங்கள் நாட்டுக் கலையை நீங்கள் தேடிப் பாருங்கள்" என்ற கருத்தில் பாவ்லோவா அவருக்கு யோசனை சொன்னார்.

அந்தப் பெண்மணி ருக்மிணி தேவி அருண்டேல். ஊர் திரும்பி, பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பரதம் கற்றார். 1935-ல் மேடை ஏறினார். 1936-ல் அடையாறில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். அது இன்று திருவான்மியூரில் இருக்கிறது. 1993-ல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின் கீழ் மத்திய அரசு நிறுவனம் ஆகிவிட்டது.

ரஷிய அரசாங்கம் ஒரு சலவைக்காரியின் மகளுக்குச் செலவு செய்தது. அதன் பலனில் ஒரு பங்கு தமிழ்நாட்டுக்கும் வந்து சேர்ந்தது!

அந்தக் காலத்தில் இங்கே எப்படி?

தமிழ்நாட்டிலும் ஒரு தனிக் குடும்பம் தன் மடிப் பணத்தை மட்டும் அவிழ்த்து நாட்டியக்காரியை உருவாக்கியது இல்லை.

கோயில்கள் மானியம் கொடுத்தன. அரசர்கள் ஆதரித்தார்கள். நட்டுவனார் பல வருஷம் சொல்லிக் கொடுப்பார். பெண் ஆடிச் சம்பாதிக்கத் தொடங்கியதும் வரும்படியில் அவருக்குப் பங்கு போகும். அந்த முறையில் இருந்த கொடுமைகள் பல. தேவதாசி முறை 1947-ல் சட்டப்படி ஒழிந்தது. ஒழிந்தது நல்லதே. ஆனால் கலைக்குப் படியளந்த பழைய வழிகளும் அத்தோடு போயின. இப்போது பெற்றோர் முன்பணம் கட்டுகிறார்கள். ஆட்டத்தில் இருந்து பணம் திரும்பி வரும் என்ற உறுதி இல்லை.

செஞ்சிச் சீமைக்கு இன்னொரு நாட்டியமும் சொந்தம். அதுதான் தெருக்கூத்து. செஞ்சியை அடுத்த மேலச்சேரியில் திரௌபதி அம்மன் கோயில் இருக்கிறது. வட தமிழ்நாட்டில் திரௌபதி வழிபாட்டுக்கு அது தாய்க் கோயிலாக மதிக்கப்படுகிறது. கோடையில் ஊருக்கு ஊர் பாரதம் படிப்பார்கள். விடிய விடியக் கூத்து நடக்கும்.

அந்தக் கூத்துக்கு யார் பணம் கொடுத்தார்கள்? ஊர்தான்! வீட்டுக்கு இவ்வளவு என்று வரி போட்டு வசூலித்தார்கள். கூத்தில் சேர்ந்த பையன் பீஸ் கட்டவில்லை. குழுவோடு ஊர் ஊராகப் போனான். சாப்பாடு கிடைத்தது. ஆடக் கற்றதும் பங்கும் கிடைத்தது.

காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கல் கிராமத்தில் கூத்துக் கலைஞர் பி. ராஜகோபாலும், நெதர்லாந்து நாட்டில் பிறந்த அவருடைய மனைவி ஹன்னே டி ப்ரூயினும் 2002-ல் கட்டைக்கூத்து குருகுலம் தொடங்கினார்கள். ஏழைப் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் பள்ளிப் படிப்பும் படித்தார்கள், கூத்தும் பயின்றார்கள். பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டினார்கள். 2020-ல் குருகுலம் மூடப்பட்டது. இப்படி ஒரு கதவு மூடினால் எத்தனையோ வீடுகளுக்கு வழி அடைபடுகிறது.

டெல்லி ரிக்‌ஷாக்காரர் மகன்

இந்தக் காலத்தில் ஏழைப் பிள்ளை முன்னுக்கு வருவதே இல்லையா? வருகிறது.

டெல்லியில் பேட்டரி ரிக்‌ஷா ஓட்டுகிறவரின் மகன் கமல் சிங். ஒரு சினிமாவில் பாலே ஆட்டத்தைப் பார்த்தான். 17 வயதில் பயிற்சிக்குப் போனான். பாலேக்கு அது மிகவும் தாமதமான வயது. ஆனால் அர்ஜென்டினா நாட்டு ஆசிரியர் பெர்னாண்டோ அகிலேரா அவனைக் கைவிடவில்லை. 2020-ல் லண்டனில் உள்ள இங்கிலீஷ் நேஷனல் பாலே பள்ளியில் இடம் கிடைத்தது. கட்டணமோ லட்சக்கணக்கில்! பொதுமக்களிடம் நிதி திரட்டினார்கள். இந்தி நடிகர் ஹிருத்திக் ரோஷனும் உதவினார்.

மும்பையில் வெல்டிங் தொழிலாளியின் மகன் அமிருத்தீன் ஷா. யெஹுடா மாவோர் என்ற ஆசிரியர் அவனுக்கு பாலே கற்றுக்கொடுத்தார். 2017-ல் லண்டன் ராயல் பாலே பள்ளியில் சேர்ந்தான்.

இவர்களின் அப்பாக்கள் பணக்காரர்கள் ஆகிவிடவில்லை. ஓர் ஆசிரியர் கை கொடுத்தார். ஊர் பேர் தெரியாத பலர் பணம் கொடுத்தார்கள். ஆனால் எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படி அதிர்ஷ்டம் அடிக்கும் என்று நம்பி இருக்க முடியாது. நிலையான வழி வேண்டும்.

நம் ஊரில் உள்ள வழிகள்

அந்த வழி தமிழ்நாட்டில் இருக்கிறது. பலருக்குத் தெரிவதில்லை.

முதலாவது, ஜவகர் சிறுவர் மன்றம். தமிழ்நாடு அரசின் கலை பண்பாட்டுத் துறை நடத்துவது. 5 வயது முதல் 16 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு நாட்டியம், பாட்டு, ஓவியம் சொல்லிக் கொடுக்கிறார்கள். கட்டணம் மிகக் குறைவு. பள்ளிக்கூடம் இல்லாத நேரத்தில் வகுப்பு நடக்கும். 9 வயதுப் பெண்ணுக்கு ஏற்றது.

இரண்டாவது, மாவட்ட அரசு இசைப் பள்ளி. விழுப்புரத்தில் ஒன்று இருக்கிறது; திருவண்ணாமலையிலும் ஒன்று. அவலூர்பேட்டைக்காரர்களுக்குத் திருவண்ணாமலைதான் பக்கம். பெயர் இசைப் பள்ளி. ஆனால் பரதநாட்டியமும் உண்டு. பயிற்சி 3 ஆண்டு. 12 வயது நிரம்பியவர்கள் சேரலாம். பரதத்துக்கு 7-ம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும். ஆண்டுக் கட்டணம் சில நூறு ரூபாய்தான். மாணவர்களுக்கு மாத உதவித் தொகையும் பஸ் சலுகையும் உண்டு.

அங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. இது பகல் நேரப் பயிற்சி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு இதில் சேர்ப்பது சரியல்ல. பள்ளிப் படிப்பை முடித்த பிறகு சேர்ப்பதே பலருக்கு நல்லது. அதற்கு மேலும் படிக்க விரும்பினால் அரசு இசைக் கல்லூரிகள் இருக்கின்றன. ஆண்டுதோறும் கோடையில் சேர்க்கை அறிவிப்பு பத்திரிகைகளில் வரும்.

மூன்றாவது, மத்திய அரசின் உதவித் தொகை. கலாசார வளங்கள் மற்றும் பயிற்சி மையம் 1982 முதல் இதை நடத்துகிறது. 10 வயது முதல் 14 வயது வரை உள்ள திறமையான பிள்ளைகள் விண்ணப்பிக்கலாம். தேர்வில் வென்றால் உதவித் தொகை கிடைக்கும். குருவுக்குக் கட்டும் கட்டணத்திலும் ஒரு பகுதி கிடைக்கும். பரம்பரைக் கலைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. கூத்துக் கலைஞர்களின் வீடுகளில் இதை அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பஸ் செலவும் ஓரளவு குறையும். தமிழ்நாட்டில் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்ற திட்டம் 2021-ல் வந்தது. தாயும் மகளும் போகும்போது, டவுன் பஸ் ஓடும் தூரம் வரைக்கும் அந்தச் செலவு மிச்சம்.

எதற்குச் செலவு செய்யலாம்?

நாட்டியத்துக்கு அவசியமான செலவு உண்டு. ஆடம்பரச் செலவும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிய வேண்டும்.

நல்ல ஆசிரியர் அவசியம். அரைமண்டியைத் தப்பாகப் பழக்கினால் முழங்கால் கெட்டுப் போகும். அதற்குப் பிறகு டாக்டருக்குக் கொடுக்க வேண்டி வரும். பழகுவதற்கு ஒரு பருத்திச் சேலை போதும். பரதத்துக்குச் செருப்பு வேண்டாம். ஒரு ஜோடிச் சலங்கை வாங்கினால் பல வருஷம் வரும். முதல் வருஷமே சலங்கையும் தேவை இல்லை.

அரங்கேற்றத்தைக் கோயில் மேடையிலும் நடத்தலாம். திருவிழாவில் ஆடலாம். அரசு இசைக் கல்லூரியில் சேர, மண்டபத்தில் அரங்கேற்றம் நடந்த பத்திரிகையை யாரும் கேட்பதில்லை. அதற்காகக் கடன் வாங்குவதும், நகையை அடகு வைப்பதும் வேண்டாத வேலை. பணம் கட்டச் சொல்லிப் பட்டமும் கேடயமும் கொடுக்கும் விழாக்களில் இருந்தும் விலகி நிற்பது நல்லது. அந்தப் பணத்தில் பல மாத வகுப்புக் கட்டணம் கட்டலாம்!

இப்போது கொத்தனார் வீட்டுக் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சிறுவர் மன்றத்துக்குச் சிறு கட்டணம். பஸ் செலவு. ஒரு சேலை. பின்னால் ஒரு ஜோடிச் சலங்கை. 1,800 ரூபாய் என்று இருந்த மாதச் செலவு பாதிக்கும் கீழே வருகிறது. கஷ்டம் இல்லை என்று சொல்ல முடியாது. தாயின் நேரம் போகத்தான் செய்யும். ஆனால் கடன் இல்லாமல் தாங்கலாம்.

ருஷியாவில் அரசாங்கம் கொடுத்தது. இங்கே கோயில் கொடுத்தது. செஞ்சிச் சீமையில் ஊர் வரி போட்டுக் கொடுத்தது. எந்த நாட்டிலும் சலங்கையின் பாரத்தை ஒரு வீடு தனியாகச் சுமந்தது இல்லை. ஆகவே அரசாங்கம் வைத்திருக்கும் கதவைத் தட்டுவதில் கூச்சம் வேண்டாம். அது பிச்சை அல்ல. பிள்ளைக்கு உள்ள பாத்தியதை.

"எவ்வளவு ஆகும்?" என்று தகப்பனார் கேட்டார். அது நல்ல கேள்விதான். அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்க வேண்டும்.

"எங்கே போய் விசாரிக்கலாம்?"

அதைக் கேட்டுவிட்டால் பேச்சு நின்று போகாது. அடுத்த சனிக்கிழமை தாயும் மகளும் திருவண்ணாமலை பஸ்சில் ஏறி இருப்பார்கள்.