நாய்க்கு ஊசி இருக்கு... வீட்டு முயலுக்கு? தெரிஞ்சுக்க வேண்டிய விஷயங்கள்

வீட்டில் நாய் வளர்ப்பவர்களுக்கு ரேபிஸ் ஊசி பற்றித் தெரியும். கோழி வளர்ப்பவர்களுக்கு வெள்ளைக்கழிச்சல் மருந்து பற்றித் தெரியும். ஆனால் கூண்டில் இரண்டு முயல் வளர்ப்பவர்களிடம் "அதுக்கு என்ன ஊசி போட்டீங்க?" என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இருக்காது.

காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரிமேடு போன்ற ஊர்களில் இந்தக் கேள்வி எழ இன்னொரு காரணமும் உண்டு. காரைக்கால் பகுதியில் பிரான்ஸில் உறவினர்கள் இருக்கும் குடும்பங்கள் ஏராளம். அங்கே வீட்டு முயலுக்கும் ஆண்டுதோறும் தடுப்பூசி போடப்படுகிறது. "அங்க போடுறாங்க, இங்க ஏன் போடலை? நம்ம முயலுக்கு ஆபத்து இல்லையா?" என்பது நியாயமான கேள்விதான்.

சுருக்கமான பதில்: இந்தியாவில் வீட்டு முயலுக்கு நாய், பூனைக்கு இருப்பது போல வழக்கமான தடுப்பூசி அட்டவணை கிடையாது. அதற்காக முயலுக்கு ஆபத்தே இல்லை என்று அர்த்தம் இல்லை. ஊசி செய்யும் வேலையை இங்கே வளர்ப்பவர்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

வெளிநாட்டில் எதுக்கு ஊசி போடுறாங்க?

முக்கியமாக இரண்டு வைரஸ் நோய்களுக்கு.

முதலாவது மிக்ஸோமடோசிஸ். கொசுவும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும் நோய் இது. கண் இமை, உதடு, பிறப்புறுப்பு வீங்கும். கண் மூடிப்போகும். தடுப்பூசி போடாத முயலுக்கு வந்தால் பிழைப்பது அரிது.

இரண்டாவது முயல் ரத்தக்கசிவு நோய். இது கல்லீரலைத் தாக்கும். காலையில் நன்றாக இருந்த முயல் எந்த அறிகுறியும் காட்டாமல் மாலைக்குள் இறந்து கிடக்கலாம். சில முயல்களுக்கு மூக்கில் ரத்தம் வரும். 1984-ல் சீனாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இந்த நோய், கோடிக்கணக்கான முயல்களைக் கொன்றது. 2010-ல் இதன் புதிய வகை பிரான்ஸில் தலைகாட்டியது. பழைய வகை குட்டிகளைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். புதிய வகை குட்டிகளையும் கொல்கிறது.

ஐரோப்பாவில் இந்த நோய்களுக்குச் சேர்த்து ஒரே தடுப்பூசி இருக்கிறது. 5 வார வயதிலிருந்து போடலாம். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் போட வேண்டும். அமெரிக்காவில் 2020-ல் புதிய வகை ரத்தக்கசிவு நோய் பரவியதைத் தொடர்ந்து, 2021-ல் அவசரப் பயன்பாட்டுக்கு ஒரு தடுப்பூசிக்கு அனுமதி கொடுக்கப்பட்டது.

பிரான்ஸுக்கு இந்த நோய் எப்படி வந்தது?

1952 ஜூன் மாதம். பால்-ஃபெலிக்ஸ் அர்மான்-தெலில் என்ற பிரெஞ்சு மருத்துவருக்கு, தன் பண்ணையில் பயிரைத் தின்னும் காட்டு முயல்களை ஒழிக்க வேண்டியிருந்தது. இரண்டு முயல்களைப் பிடித்து மிக்ஸோமடோசிஸ் வைரஸைச் செலுத்தி விட்டார். தன் பண்ணைச் சுவரைத் தாண்டாது என்பது அவர் கணக்கு.

ஆனால் நோய் சுவரைத் தாண்டியது, நாட்டையும் தாண்டியது. 1953-ல் பிரிட்டனை எட்டியது. 1954 முடிவதற்குள் பிரான்ஸின் காட்டு முயல்களில் 90 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. காரைக்கால் அப்போது பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தது. 1954 நவம்பர் 1-ல்தான் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு வந்தது. அன்று தொடங்கிய நோய் இன்றும் ஐரோப்பாவின் காட்டு முயல்களிடம் சுற்றிக்கொண்டிருக்கிறது. அங்கே வீட்டு முயலுக்கு ஊசி அவசியமானதற்குக் காரணம் இதுதான்.

அப்போ நமக்கு ஏன் அந்த ஊசி இல்லை?

கூண்டில் வளர்க்கும் வெள்ளை முயல் ஐரோப்பிய முயலின் வழி வந்தது. நம் வயல்வெளியில் ஓடும் முயல் வேறு இனம். ஐரோப்பிய முயல் இந்தியாவில் காட்டு விலங்காகப் பரவவில்லை. அதனால் அங்கே போல, ஊர் எல்லையிலேயே நோயைச் சுமந்து திரியும் காட்டு முயல் கூட்டம் இங்கே இல்லை. அந்த ஊசிகள் நம்மூர் மருந்துக்கடையில் கிடைப்பதும் இல்லை.

ஆனால் 'காட்டு முயல் இல்லை, அதனால் கவலை இல்லை' என்று இருந்துவிட முடியாது. சிங்கப்பூரில் 2020 செப்டம்பரில் வீட்டு முயல்களிடையே ரத்தக்கசிவு நோய் முதன்முறையாகக் கண்டறியப்பட்டது. நம்மைப் போலவே வெப்ப நாடு அது. அதன் பிறகே அங்கு முயல் வளர்ப்பவர்கள் தடுப்பூசியைத் தேடினார்கள்.

இந்த வைரஸுக்கு முயலே வர வேண்டும் என்பதில்லை. வைக்கோல், கூண்டு, செருப்பு, துணி, ஈ எதில் வேண்டுமானாலும் வரும். துணியில் ஒட்டிய வைரஸ் சாதாரண அறை வெப்பத்தில் 3 மாதத்துக்கு மேல் உயிர்ப்போடு இருந்தது சோதனைகளில் தெரியவந்திருக்கிறது.

ஊரிலிருந்து வரும்போது ஊசி வாங்கிட்டு வரச் சொல்லலாமா?

வேண்டாம். தடுப்பூசி முழுநேரமும் 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டும். பாரிஸிலிருந்து சென்னை வந்து, அங்கிருந்து காரைக்கால் வரை பெட்டிக்குள் பயணம் செய்தால் மருந்தின் வீரியம் போய்விடும். கால்நடைத் தடுப்பூசியை இறக்குமதி செய்ய அரசு அனுமதியும் தேவை. நாய்க்குப் போடும் கூட்டுத் தடுப்பூசியை 'கொஞ்சமா' முயலுக்குப் போடுவதும் தவறு. அது வேறு வைரஸ்களுக்கான மருந்து. முயலுக்குப் பாதுகாப்பு தராது.

இன்னொரு விஷயம்: எல்லா ஊசியும் தடுப்பூசி அல்ல. சொறிக்காக மருத்துவர் போடும் ஐவர்மெக்டின் ஊசி, உண்ணியைக் கொல்லும் சிகிச்சை மட்டுமே. முயல் வாங்கும்போது "ஊசி போட்டாச்சு" என்று விற்பவர் சொன்னால், என்ன ஊசி, எந்தத் தேதி என்று எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

நம்ம ஊரில் முயலைக் கொல்வது எது?

ரத்தக்கழிச்சல்: காக்சிடியா என்ற ஒட்டுண்ணியால் வரும். குட்டிகளுக்கு ஆபத்து அதிகம். வயிறு உப்பும், கழிச்சல் போகும், உடல் மெலியும். ஈரமான கூண்டில்தான் இது வேகமாகப் பெருகும். ஐப்பசி, கார்த்திகை மழையில் காரைக்கால் பக்கம் கூடுதல் கவனம் தேவை.

காது சொறி: காதுக்குள் பழுப்பு நிறத்தில் பொருக்கு கட்டும். முயல் தலையை உதறிக்கொண்டே இருக்கும். பொருக்கைக் கையால் பிய்த்தால் புண் ஆகிவிடும்.

சளி: பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்களால் வருவது. தும்மல், மூக்கு ஒழுகல் இருக்கும். மூக்கைத் துடைத்துத் துடைத்து முன்னங்கால் ரோமம் பிசுபிசுவென்று இருக்கும்.

வெயில்: முயலுக்கு வியர்த்து உடம்பைக் குளிரவைக்கத் தெரியாது. காது வழியாகத்தான் சூடு வெளியேறும். சித்திரை, வைகாசியில் தகரக் கூரைக்குக் கீழே கூண்டு வைத்தால் சில மணி நேரத்தில் உயிர் போகலாம்.

இந்த நான்குக்கும் இங்கே வழக்கமாகப் போடும் தடுப்பூசி இல்லை. ஆனால் நான்கையும் பெருமளவு தடுக்கலாம்.

ஊசிக்குப் பதிலாக என்ன செய்யணும்?

புது முயலைத் தனியே வைங்க: சந்தையிலோ பண்ணையிலோ வாங்கிய முயலைப் பழைய முயல்களோடு உடனே சேர்க்கக் கூடாது. குறைந்தது 2 வாரம், முடிந்தால் ஒரு மாதம் தனிக் கூண்டில் வைக்க வேண்டும். பழைய முயல்களுக்குத் தீனி வைத்து முடித்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய பாதுகாப்புகளில் மிகப் பெரியது இதுதான்.

தரை ஈரம் கூடாது: கம்பி வலைத் தரை போட்டு, கழிவு கீழே விழும்படி கூண்டை உயர்த்தி வைக்க வேண்டும். கால் புண் ஆகாமல் இருக்க ஒரு மூலையில் பலகை போடலாம்.

கொசுவலை கட்டுங்க: மாலையில் கூண்டின் மேல் வலை போட்டால் கொசு, ஈ இரண்டும் குறையும். பாம்பு, கீரி, தெருநாய் எட்டாத உயரமும் முக்கியம்.

புல்லைப் பார்த்து அறுங்க: மருந்து தெளித்த வயல் வரப்புப் புல் வேண்டவே வேண்டாம். நாய் நடமாடும் இடத்துப் புல்லையும் தவிர்க்கலாம். கழுவி, ஈரம் உலர்ந்த பிறகே கொடுக்க வேண்டும். தீனியில் பெரும்பங்கு புல்லாக இருக்க வேண்டும்.

காட்டு முயலைக் கொண்டுவராதீங்க: வயலில் சிக்கிய முயலைப் பிடித்து வளர்ப்பது 1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நோய் வரும் வழியும்கூட.

கைவைத்தியம் எப்போது உயிரை எடுக்கும்?

மனிதர்களுக்குக் கொடுக்கும் அமாக்சிசிலின் போன்ற மாத்திரையை முயலுக்கு வாய்வழியாகக் கொடுத்தால், குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து முயல் இறந்துவிடலாம். நாய்க்கு உண்ணி போக்கத் தடவும் ஃபிப்ரோனில் மருந்தும் முயலுக்கு விஷம். வீட்டில் இருக்கிறதே என்று எதையும் கொடுக்கக் கூடாது.

முயல் 12 மணி நேரம் எதுவும் சாப்பிடவில்லை அல்லது புழுக்கை போடவில்லை என்றால் அது அவசரநிலை. 'நாளைக்குப் பார்க்கலாம்' என்றால் தாமதமாகிவிடும். காரைக்காலில் உள்ள அரசு கால்நடை மருந்தகத்தை அணுகலாம். மேல்சிகிச்சைக்குப் புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும், தஞ்சாவூர் மாவட்டம் ஒரத்தநாட்டில் உள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன.

அடுத்தடுத்து இரண்டு மூன்று முயல்கள் திடீரென்று இறந்தால், புதைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. உடனே கால்நடை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மிச்சம் உள்ள முயல்களை விற்கவோ, அடுத்த வீட்டுக்குக் கொடுக்கவோ கூடாது. ரத்தக்கசிவு நோயா என்பது பரிசோதனையில்தான் தெரியும். கூண்டை முதலில் நன்றாகக் கழுவி, பிறகு ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு 9 பங்கு தண்ணீர் கலந்து சுத்தம் செய்யலாம்.

முயல் கடிச்சா நமக்கு ரேபிஸ் ஊசி வேணுமா?

முயல், எலி போன்றவை கடித்தால் ரேபிஸ் சிகிச்சை அரிதாகவே தேவைப்படும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இருந்தாலும் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, மருத்துவரிடம் காட்டுவது நல்லது. அந்த முயலைத் தெருநாயோ கீரியோ கடித்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊசி தேவையா இல்லையா என்பதை அவர் முடிவு செய்வார்.

பிள்ளைகள் ஆசையாகத் தூக்கிக் கொஞ்சும் முயலுக்கு நம் ஊரில் இப்போதைக்கு ஊசி இல்லை. காய்ந்த கூண்டு, தனியே வைத்த புது முயல், தினமும் காதையும் புழுக்கையையும் பார்க்கும் பழக்கம். அதைக் காப்பாற்றப்போவது இவைதான்.