ஒரே கம்பியில் பல கருவிகள்

தங்கவயலின் மைசூர் மைன்ஸ் பகுதியை அறிந்த அன்பர்களுக்குச் சுரங்க மணியைப் பற்றிக் கூற வேண்டுவதில்லை. கூண்டை ஏற்றவும் இறக்கவும் மணியோசையே கட்டளை. பல தளங்களுக்கும் சைகைக் கயிறு ஒன்றே என்று வைத்துக்கொள்வோம். ஒரு தளத்தில் நிற்பவர் இழுத்த கயிற்றை விடாமல் பிடித்திருந்தால், வேறெந்தத் தளத்தின் சைகையும் மேலே எட்டாது. பிழை ஒருவருடையது, ஊமையாவதோ அனைவரும்.

2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்ட பின், அங்கு வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் பலவும் பல ஊர்களுக்குப் பிரிந்தன. தம் தோழர்கள் எங்கெங்கே குடியேறினர் என்னும் பட்டியலை, ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் தம் வீட்டுக் கணிப்பொறியில் பதிந்து வந்தார். 1982-இல் அமெரிக்காவில் வெளியான கமடோர் 64 அது. ஒரு நாள் அது பிளாப்பித் தட்டைப் படிக்க மறுத்தது. "பழைய சாமான்; எடைக்குப் போட்டுவிடலாம்" என்றனர் வீட்டார். பட்டியலும் அத்துடன் போய்விடுமே என்பது பெரியவரின் கவலை.

இக்கணிப்பொறியிலிருந்து ஆறு முனைகள் கொண்ட வடம் ஒன்று முதல் கருவிக்குச் செல்லும். அதிலிருந்து மற்றொரு வடம் அடுத்ததற்குச் செல்லும். ஆயினும், சங்கிலிபோல் கோத்த கருவிகள் யாவும் பகிர்ந்துகொள்வது ஒரே கம்பித் தொகுதியையே. கணிப்பொறி அனைத்தையும் 'கவனி' என விளித்து, ஓர் எண்ணைச் சொல்லி அழைக்கும். அச்சுப்பொறிக்கு 4, முதல் பிளாப்பி டிரைவுக்கு 8 என்பது வழக்கம். அழைக்கப்பட்ட கருவி, கம்பியின் 5 வோல்ட் அழுத்தத்தைத் தாழ்த்தி விடையளிக்கும். பழுதான கருவி ஒன்று அதைத் தாழ்த்தியபடியே வைத்திருந்தால், கயிற்றை விடாத மனிதரின் கதைதான்.

எனவே பழுதின் குறியை முதலில் நோக்குக. 'கருவி இல்லை' என்னும் பொருளில் செய்தி வந்தால், அழைத்த எண்ணுக்கு விடையில்லை என்பது கருத்து. மின் இணைப்பு, வடம், எண் ஆகியவற்றைச் சோதிக்கவும். செய்தியே வராமல் எல்லாம் உறைந்து நின்றால், ஏதோவொரு கருவி கம்பியைப் பிடித்திருக்கலாம். டிரைவின் சிவப்பு விளக்கு மின்னி மின்னி அணைந்தால், அழைப்பு சென்று சேர்ந்தது. குறையைத் தட்டிலோ படிக்கும் முனையிலோ தேடுக.

சோதனைக்கு முன் மின்வழங்கும் பெட்டியை அளந்து பார்த்தல் நலம். 5 வோல்ட் தர வேண்டிய முனை 5.25-ஐத் தாண்டினால், அதைக் கணிப்பொறியில் இணைக்கலாகாது. உள்ளிருக்கும் சில்லுகள் கருகிவிடும். மின்சாரம் ஓடும்போது வடத்தைச் செருகுவதும் பிடுங்குவதும் கூடாது.

பின்னர் அனைத்தையும் நிறுத்தி, டிரைவ் ஒன்றை மட்டும் இணைத்துப் பார்க்கவும். அது இயங்கினால், ஒவ்வொரு முறையும் மின்சாரத்தை நிறுத்திவிட்டு, மற்றவற்றை ஒவ்வொன்றாகச் சேர்க்கவும். எதைச் சேர்த்ததும் மௌனம் வருகிறதோ, அதுவோ அதன் வடமோதான் குற்றவாளி. இரண்டு டிரைவுகளுக்கும் 8 என்னும் எண்ணே இருந்தாலும் குழப்பம் நேரும். ஒன்றை 9 ஆக்குக.

பெரியவர் வீட்டில் பிழை அச்சுப்பொறியினுடையது. அதை விலக்கியதும் தட்டு சுழன்றது. பெயர்கள் திரையில் வரிசையாக வந்தன. காந்தப் பதிவு காலத்தால் மங்கக் கூடியது என்பதால், அன்று மாலையே அனைத்தையும் நோட்டுப் புத்தகம் ஒன்றில் எழுதி முடித்தோம்.