வெள்ளி இரவு வைத்தியம்

'இரவு 10-க்கு மேல், காலை 5-க்குள் வாசல் விளக்கு எரியணும்' என்று தானியங்கி ஸ்க்ரிப்ட்டில் அப்படியே எழுதிப் பாருங்கள். எரியவே எரியாது! 22-க்கு மேலேயும் 5-க்குக் கீழேயும் ஒரே எண் இருக்க முடியுமா? நள்ளிரவானால் பூஜ்யத்துக்குத் திரும்புகிற கணக்கு அது. பி.காம். பாஷையில், நடு வியாபாரத்தில் பேரேட்டை மூடுகிற கணக்குப்பிள்ளை!

"தம்பி, சுபுஹுக்குக் கெளம்புறப்ப வாசல் இருட்டாக் கெடக்கே, படி தடுக்கினா?" என்றார் நாகூர் எதிர்வீட்டு நானா.

"வைத்தியம் உங்ககிட்டயே இருக்கு நானா" என்றேன். மக்ரிபோடு அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. வியாழன் அந்தி சாய்ந்தாலே 'வெள்ளி இரவு'. ராத்திரி இரண்டாக உடைவதில்லை.

அதேபோல ஸ்க்ரிப்ட்டிலும் நாளை நண்பகலில் தொடங்குங்கள். இரவு 10 மணி 600-வது நிமிஷம். காலை 5 மணி 1,020-வது. இடைப்பட்ட நிமிஷமெல்லாம் விளக்கு எரியும். நானாவுக்குப் படியும் தெரியும்!