மதி பிளந்த செய்தி



ஆசிரியர் கூறும் ஒரு சொல் மாணவன் உள்ளத்தில் தைத்துவிடுவது உண்டு. சில வேளை அது ஆசிரியர் உள்ளத்திலும் தைத்து நின்றுவிடும். அத்தகைய ஒரு சொல்லிலிருந்தே இன்றைய பேச்சைத் தொடங்குகிறேன்.

நான் வரலாற்றாசிரியனாகப் பணி ஏற்ற புதிது. அரபு நாட்டில் இஸ்லாம் தோன்றிய வரலாற்றைக் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, நபிகள் நாயகம் விரல் காட்ட நிலவு இரண்டாகப் பிளந்ததே, அது எந்த ஆண்டு?" என்று கேட்டான். "அதெல்லாம் பிற்காலத்துக் கட்டுக்கதை" என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேன். வகுப்பு முடிந்ததும் அவன் தனியே வந்தான். "அப்படியானால் எங்கள் நன்னி பொய் சொன்னார்களா, ஐயா?" என்றான். பாட்டியை நன்னி என்றழைப்பது அவர்கள் வீட்டு வழக்கம். என்னிடம் விடை இல்லை. அச்செய்தியின் வரலாற்றைப் படிக்காமலே நான் தீர்ப்புக் கூறியிருந்தேன். பின்னரே படித்தேன். படித்ததன் சாரத்தை இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

இச்செய்திக்கு மூலம் திருக்குர்ஆன். அதன் 54ஆம் அத்தியாயத்தின் பெயரே 'மதி' என்பது. இறுதி வேளை நெருங்கியதையும் மதி பிளந்ததையும் அது தொடக்கத்திலேயே சேர்த்துச் சொல்கிறது. சான்றைக் கண்டாலும் மறுப்போர் அதனைச் சூனியம் என்று தள்ளிவிடுவர் என்றும் அடுத்துக் கூறுகிறது. எந்த இரவு, எந்த இடம், யார் கேட்டார்கள் என்பன அங்கே இல்லை. அதே நூலின் வேறு இடங்களில், அற்புதம் காட்டுக என்று எதிரிகள் கேட்கும்போது, நபிகள் எச்சரிப்பவரே. சான்றுகள் இறைவனிடம் உள்ளன. அருளப்பட்ட வேதமே போதிய சான்று என்னும் கருத்தில் விடை அமைகிறது. இவ்விரண்டையும் எவ்வாறு இணைப்பது? பின்வந்த சிந்தனை பலவும் இக்கேள்வியிலிருந்தே கிளைத்தது.

இரண்டாம் படி, ஹதீஸ் என்னும் நபிமொழித் தொகுப்புகள். கி.பி. 870இல் மறைந்த புகாரியும் 875இல் மறைந்த முஸ்லிமும் தொகுத்த நூல்களில் இச்செய்தி பலர் வாயிலாக வருகிறது. மக்காவில் நபிகளோடு இருந்த இப்னு மஸ்ஊத், தாம் கண்டதாகவே உரைக்கிறார். மக்கா மக்கள் சான்று கேட்டதால் இது நிகழ்ந்தது என்று அனஸ் உரைக்கிறார். அனஸோ மதீனாவைச் சேர்ந்தவர். 622இல் நபிகள் அவ்வூருக்குப் பெயர்ந்தபோது பத்து வயதுச் சிறுவர். ஆகவே அவர் பிறரிடம் கேட்டதையே சொல்லியிருத்தல் வேண்டும். இதனை நுணுகிக் கண்டு சொன்னவர்கள் மாற்றார் அல்லர். இப்னு ஹஜர் போன்ற இஸ்லாமிய அறிஞர்களே ஆவர். அறிவிப்பாளர் எங்கே இருந்தார், எப்போது பிறந்தார் என்று வினவும் கலையை அவர்கள் தனித்துறையாகவே வளர்த்தனர்.

மூன்றாம் படியில் கருத்து வேற்றுமை எழுந்தது. பெரும்பாலான உரையாசிரியர்கள் நிகழ்ந்த நிகழ்ச்சி என்றே கொண்டனர். ஆயினும் 728இல் மறைந்த பஸ்ரா நகரத்து ஹஸன், மதி உலக முடிவிலேதான் பிளக்கும் என்று பொருள் கொண்டதாகப் பழைய உரைகள் குறிக்கின்றன. உறுதியாக வரவிருப்பதை இறந்த காலத்தில் சொல்வது அரபு மொழியில் உண்டு. தமிழிலும் அவ்வழக்கு இல்லையா? வரவிருப்பவன் "இதோ வந்துவிட்டேன்" என்கிறானே! ஒன்பதாம் நூற்றாண்டில் நள்ளாம் என்னும் முஃதஸிலாப் பிரிவு அறிஞர் நிகழ்ச்சியையே மறுத்தார். உலகில் வேறு எவரும் ஏன் காணவில்லை என்ற வினாவும் எழுந்தது. அது இரவு நேரம், பலர் உறங்கியிருப்பர், சில நாடுகளில் மேகம் மறைத்திருக்கும் என்று விடையும் கூறப்பட்டது.

நான்காம் படியில் செய்தி விரிந்தது. நபித்துவத்தின் சான்றுகளைத் திரட்டும் தனி நூல்கள் பதினோராம் நூற்றாண்டில் எழுந்தன. அபூ நுஐமும் பைஹகீயும் அவற்றை எழுதினர். கதை சொல்வோர் இன்னும் மேலே சென்றனர். மதி இறங்கி நபிகளின் சட்டைக்குள் புகுந்து, கைவழியே வெளிவந்தது என்றனர். 1373இல் மறைந்த இப்னு கஸீர், மதி பிளந்ததை உறுதியாக நம்பியவர். அவரே இந்தச் சட்டைக் கதைக்கு ஆதாரம் இல்லை என்று விலக்கினார். நம்பிக்கையும் ஆராய்ச்சியும் ஒரே உள்ளத்தில் குடியிருக்கலாம் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

கடல் கடந்து அச்செய்தி நம் கரைக்கும் வந்தது. பிளந்த மதியைக் கண்ட சேரமான் பெருமாள் அரபு நாடு சென்றார் என்பது மலையாளக் கரை மரபு. ஆனால் பதினாறாம் நூற்றாண்டில் அங்கு வாழ்ந்த ஷைகு ஜைனுத்தீன், அம்மன்னர் நபிகள் காலத்தவர் என்பதை ஏற்காமல், ஹிஜ்ரி இருநூறுக்குப் பிற்பட்டவராகவே கருதினார். தமிழில் உமறுப் புலவர் சீறாப்புராணத்தில் மதியை அழைப்பித்த படலம் என ஒரு படலமே பாடினார். அங்கே ஹபீபு என்னும் அரசர் வேண்ட அற்புதம் நிகழ்கிறது. வேதத்தில் ஒரு வரியாக நின்றது, காப்பியத்தில் ஒரு படலமாயிற்று.

நம் காலத்திலும் இவ்வளர்ச்சி நிற்கவில்லை. 1969இல் அப்பல்லோ 10 விண்கலம் எடுத்த, நிலவின் நீண்ட பள்ளம் ஒன்றின் படத்தைக் காட்டி, இதுவே அந்தப் பிளவு என்போர் உளர். அரியாடேயஸ் எனப்படும் அப்பள்ளம் ஏறத்தாழ 300 கிலோமீட்டர் நீளமுடையது. இணையாக ஓடும் இரு வெடிப்புகளுக்கு நடுவே நிலம் தாழ்ந்ததால் உண்டானது. நிலவைச் சுற்றிவரும் பிளவு அன்று. அற்புதம் என்று நம்புவோர்க்கு இப்படம் தேவையில்லை. ஆராய்வோர்க்கு இது சான்றும் ஆகாது.

நண்பர்களே, அற்புதம் நிகழ்ந்ததா என்பதை அளக்க வரலாற்றிடம் கோல் இல்லை. எந்த நூற்றாண்டில், யார், எவ்வாறு சொன்னார்கள் என்பதை அளக்க உண்டு. இவ்விரண்டையும் குழப்பியதே அன்று நான் செய்த பிழை. அம்மாணவன் இன்று எதிரே வந்தால் சொல்வேன்: "தம்பி, ஹிஜ்ரத்துக்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன் என்பது மரபு சொல்லும் கணக்கு. உன் நன்னி பொய் சொல்லவில்லை. தமக்கு முன்னோர் தந்ததை உனக்குத் தந்தார்கள். அறியாததை அறிந்ததுபோல் அன்று பேசியவன் உன் ஆசிரியன்தான்."