கனெடிகட் மகளிர் கூடைப்பந்து அணியின் 169 தொடர் வெற்றிகள்

கனெடிகட் மகளிர் கூடைப்பந்து அணியின் 169 தொடர் வெற்றிகள் என்பது ஐக்கிய அமெரிக்காவின் கனெடிகட் பல்கலைக்கழக மகளிர் அணி, 2013 முதல் 2022 வரை தன் கூட்டத்தைச் சேர்ந்த அணிகளுக்கு எதிராக இடைவிடாது ஈட்டிய வெற்றிகளைக் குறிக்கும். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டில் 'கான்பரன்ஸ்' எனப்படும் கூட்டம் என்பது பருவந்தோறும் தமக்குள் ஆடும் பல்கலைக்கழகங்களின் குழு ஆகும். பருவ முடிவில் கூட்டத்தின் கோப்பையை வெல்லும் அணி தேசியப் போட்டிக்கு நேரடியாகத் தகுதி பெறும்.

2013 மார்ச்சில் பிக் ஈஸ்ட் கூட்டத்தின் இறுதியாட்டத்தில் நோட்ரே டேம் அணியிடம் கனெடிகட் தோற்றது. பின்னர் அமெரிக்கன் அத்லெடிக் கூட்டத்தில் ஏழு பருவங்கள் ஆடி, 139 ஆட்டங்களில் 139-ஐயும் வென்றது. முடிவு முன்கூட்டியே தெரிந்த ஆட்டத்தில் ரசிகர் பேச எஞ்சுவது புள்ளி வேறுபாடு மட்டுமே. 2017 பெப்ரவரியில் துலேன் அணியை 63–60 என வென்றதே பெருஞ்செய்தியானது.

எளிய கூட்டம் அணியை மழுங்கடித்ததா என்பதே ரசிகர்களிடையே நீடித்த விவாதம். 2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் அணி தேசிய அரையிறுதியில் தோற்றதை ஒரு சாரார் சான்றாகக் காட்டுவர். ஆயினும் அதே கூட்டத்தில் ஆடியபடியே 2014, 2015, 2016 ஆகிய ஆண்டுகளில் தேசியப் பட்டம் வென்றது. தவிர, முதல் இரு தோல்விகளும் கூடுதல் நேரத்தில், இரண்டே புள்ளிகளில் நேர்ந்தவை. அவற்றைக் கொண்டு கூட்டத்தைக் குறை கூறுவது கடினம்.

2020-இல் அணி பிக் ஈஸ்ட் கூட்டத்திற்குத் திரும்பியது. 2022 பெப்ரவரி 9 அன்று ஹார்ட்ஃபோர்டில் வில்லனோவா அணி 72–69 என வென்று இத்தொடரை முடித்தது. அடுத்த மாதம் கூட்டத்தின் இறுதியாட்டத்தில் கனெடிகட் அதே அணியை 70–40 என வென்றது.